மிச்ச விரதம்

நல்லூர்ப் பக்கம் இளநீர் விற்கும் ஒருவர் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். வண்டிலுக்குப் பின்னால் போய் நின்று இல்லாத வேலை ஒன்றைச் செய்வார். ஒருநாள் வாய்விட்டே சொல்லிவிட்டார்.

“மிஸ்ஸி, நீங்கள் இதிலை நிண்டால் என்ரை வியாபாரம் படுத்திடும். கொஞ்சம் அங்காலை போய் நில்லுங்கோவன்.”

அவரில் பிழை சொல்ல மாட்டேன். அவருடைய வாடிக்கையாளர் ஒருவரின் கையிலிருந்த இளநீரை நடுவீதியில் வைத்துப் பறித்தவள் நான். அது ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

உங்கள் இருதயக் கிளினிக்கின் பொறுப்புத் தாதி முன்பு என்னோடு வேலை செய்த பிள்ளை. போன கிழமை வீட்டுக்கு வந்து, “சஷ்டி வருகுது சிஸ்டர், புதுசா வந்திருக்கிற பிள்ளையளுக்கு ஒருக்கா வந்து கதையுங்கோ” என்று கேட்டாள். வந்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். கொஞ்ச நேரம் கதிரையில் இருப்பேன், பிறகு எழும்பி நடப்பேன், யாராவது ஒருத்தி தொலைபேசியைப் பார்த்தால் ஏச்சு விழும். எழுதித் தருகிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். எழுதும்போதும் இடையிடையே எழும்பி நடக்கத்தான் செய்கிறேன். எனக்கு ஓய்வு தந்துவிட்டார்கள், ஆனால் என் கால்களுக்கு அதை யாரும் சொல்லவில்லை.

எனலாப்ரில் என்ற குளிசையை, இதயத்துக்கும் இரத்த அழுத்தத்துக்கும் கொடுக்கும் மாத்திரையை, உங்களுக்குத் தெரியும். கிளினிக்குக்கு வருகிறவர்களில் பலருடைய பையில் அதுவோ அதன் சொந்தக்காரக் குளிசை ஒன்றோ இருக்கும். அதன் பக்கவிளைவு என்ன என்று கேட்டால் எல்லோரும் ஒரே குரலில் வறட்டு இருமல் என்பீர்கள். சரிதான். மானிப்பாயில் ஒருவர் அந்த இருமலோடு மாதக்கணக்காகக் கிடந்தார். மல்லித்தண்ணீர், ஆடாதோடை, வேதுபிடித்தல், எல்லாம் செய்து பார்த்தார்கள். கடைசியில் காசநோய் என்று தாங்களே முடிவுகட்டி, அவர் குடிக்கும் கோப்பையை வீட்டில் தனியே வைத்துவிட்டார்கள். மனிதர் அதற்காக அழுதார். குளிசையை மாற்றியதும் இருமல் போனது, கோப்பையும் மற்றக் கோப்பைகளோடு சேர்ந்தது. இருமலுக்கு நான் அவ்வளவாகப் பயப்படுவதில்லை. அது சத்தம் போடும், யாராவது ஒருவர் கவனிப்பார். சத்தம் போடாமல் வருகிற இன்னொன்று இருக்கிறது. என்னை இன்னும் இருக்கவிடாமல் நடக்கவைப்பது அதுதான்.

இது நடந்த வருடம், நான் இன்னும் வேலையில் இருந்தபோது, கந்தசஷ்டி மழையோடு வந்தது. சூரன்போர் விரதத்தின் கடைசி நாள், அதற்கு முந்தின நாள் எங்கள் கிளினிக் நாள். இருக்கை வாங்கில்கள் எல்லாம் நிறைந்து, விறாந்தை நிறைந்து, குடைகள் ஒழுகித் தரை முழுக்க ஈரம். சஷ்டி நேரத்துக் கூட்டத்தை நீங்கள் இன்னும் பார்க்கவில்லை. பாதிப்பேர் விரதம். நெற்றியில் விபூதி, உதட்டில் வெடிப்பு, குரலில் சத்து இல்லை. எல்லோருக்கும் தலைச்சுற்று, எல்லோருக்கும் களை. எல்லோரும் ஒரே முறைப்பாட்டைச் சொல்லும்போது அதில் எது உண்மையில் ஆபத்தானது என்று காதில் விழாது.

அதற்கு முந்திய சஷ்டிகளில் எங்களுக்கு வேறொரு தொல்லை இருந்தது. விரதத்தில் மருந்து குடிக்கக்கூடாது என்று தாங்களே தீர்மானித்துக் குளிசை எல்லாவற்றையும் நிறுத்திவிடுவார்கள். விரதம் முடிக்கும் பாறணைக்கு முதல் மூச்சு முட்டி வந்து விழுவார்கள். ஆகவே அந்த முறை விரதம் தொடங்குமுன்பே கிளினிக்கில் படித்துப் படித்துச் சொன்னோம், சாப்பாட்டை விட்டாலும் குளிசையை விடாதேங்கோ என்று. சனம் கேட்டது. பூமணி அக்கா எல்லோரையும் விட நன்றாகக் கேட்டார்.

பூமணி என்பது நான் வைத்த பெயர். ஏழாலைப் பக்கம், வெங்காயத் தோட்டக்காரக் குடும்பம். மாரடைப்பு ஒன்று வந்துபோன பிறகு இதயம் பலவீனப்பட்டு எங்களிடம் வந்துகொண்டிருந்தார். எனலாப்ரில் ஒன்று, நீர் இறங்க ஒன்று, துடிப்பை அடக்கிவைக்க இன்னொன்று. ஒரு நேரமும் தவறவிட மாட்டார். ஒரே மகன் சுதன் பிரான்சில் அகதி வழக்குப் போட்டிருந்தான். முதல் தரம் தள்ளுபடியாகி, மேல்முறையீட்டுக்குப் போயிருந்தது. அதன் தவணை சூரன்போரன்று வந்தது. இதுவும் தள்ளுபடியானால் பிள்ளையைப் பிடித்து அனுப்பிவிடுவார்கள் என்பதுதான் அந்த வீட்டில் அப்போது ஒரே கதை. பூமணி அக்கா அந்த வருடம் சோறு தண்ணீர் இல்லாமல் கிடந்தது அந்தத் தவணைக்காக.

கணவர் கனகரத்தினம், கனகண்ணை, சாமி கும்பிடாத மனிதர். மனைவியை ஸ்கூட்டரில் கோயிலடியில் கொண்டுபோய் இறக்குவார், வெற்றிலையைச் சப்பிக்கொண்டு வாசலில் நிற்பார், உள்ளே கால் வைக்க மாட்டார். வெற்றிலையை விடச்சொல்லி நான் அவரை ஏசாத கிளினிக் இல்லை. “அதையும் விட்டால் பேந்து என்னத்துக்கு மிஸ்ஸி உயிர்?” என்பார்.

அன்று நான் வாசலில் நின்று இலக்கம் கொடுத்துக்கொண்டிருந்தேன். பூமணி அக்கா கணவரின் தோளைப் பிடித்தபடி என்னைக் கடந்து வந்து வாங்கிலில் இருந்தார். அவருடைய செருப்பு ஒன்று படியிலேயே கிடந்தது.

“அக்கா, செருப்பு கழண்டு கிடக்குது.”

குனிந்து காலைப் பார்த்தார். “மெய்யே? எனக்குத் தெரியேல்லை.”

“கால் விறைப்போ?”

“விரதக் களை மிஸ்ஸி. நாளையோடை முடியுது தானே.”

பக்கத்தில் இருந்த பெண்களும் ஓம், ஓம் என்றார்கள். “எனக்கும் உப்பிடித்தான், கால் ரெண்டும் பஞ்சு மாதிரி” என்றார் ஒருவர். புதிதாக வந்திருந்த எங்கள் பிள்ளை ஒருத்தி, “பாவம் சிஸ்டர், வாசலிலை ஒரு இளநி வாங்கிக் குடுப்பமோ? அது விரதத்துக்குப் பிழையில்லைத் தானே?” என்று என் காதுக்குள் கேட்டாள். நல்ல மனமுள்ள பிள்ளை. நானும் சரி என்றிருப்பேன். அந்தச் செருப்புத்தான் என்னை விடவில்லை. களைத்தவருக்குக் கால் நோகும், பாரமாக இருக்கும், நடுங்கும். செருப்பு கழன்றது கூடத் தெரியாமல் போகுமா?

கையைப் பிடித்துப் பார்த்தேன். பட்டினி கிடந்து, உடம்பில் தண்ணீர் குறைந்து, மழையில் ஸ்கூட்டரில் வந்து இறங்கியவருடைய நாடி ஓடவேண்டும். இது நடந்தது. கொஞ்சம் நடந்து, நின்று, யோசித்துவிட்டு மறுபடி நடந்தது.

வைத்தியரிடம் போனேன். இளம் வைத்தியர், கெட்டிக்காரர், அன்று தலை நிமிர நேரமில்லாமல் எழுதிக்கொண்டிருந்தார். சொன்னதைக் கவனமாகத்தான் கேட்டார்.

“அது துடிப்பை அடக்கிற குளிசையாலை சிஸ்டர். அதைப் பாதியாக்குவம். பாறணை முடிஞ்சு வந்து காட்டச் சொல்லுங்கோ.”

நியாயமான பதில். அந்தக் குளிசை நாடியைக் குறைக்கத்தான் செய்யும். நான் பொறுப்பாக இருந்த நாட்களில் அதே பதிலை எத்தனையோ பேருக்கு நானே சொல்லியிருக்கிறேன். ஓம் டொக்டர் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். வந்தும் மனம் இருக்கவிடவில்லை. பிள்ளைகள், இதைக் கவனியுங்கள். என்ன பிழை என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேன், அவரும் கேட்டிருப்பார், இதில் எழுத ஒன்றும் இருந்திராது. காரணம் சொல்லத் தெரியாத ஒரு அந்தரம் மட்டும் இருந்தது. வரிசையில் நின்றவர்கள் இலக்கம் கேட்டு முணுமுணுக்க, நான் மறுபடி அந்த வாங்கிலடிக்குப் போனேன். போய் ஆத்திரத்தைக் கனகண்ணையின் தலையில் கொட்டினேன்.

“நீங்களாவது சொல்லக்கூடாதே அண்ணை? வருத்தக்காரியை இப்பிடி வெறுந்தண்ணியிலை கிடக்க விட்டிருக்கிறியள்.”

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. “வெறுந்தண்ணியோ? ஆர் சொன்னது? நான் விடுவனே. எங்கடை வளவுத் தென்னையிலை நானே கொக்கத்தடியாலை புடுங்கி வெட்டி வெட்டிக் குடுக்கிறன். காலமை, மத்தியானம், பின்னேரம், படுக்கப் போகேக்கையும். சோறு வேண்டாம் எண்டவ இளநி வேண்டாம் எண்டு சொல்லேல்லை. உந்த இளநியிலைதான் ஆள் நிமிந்து நிக்குது மிஸ்ஸி.”

என் அந்தரத்துக்குக் காரணம் கிடைத்துவிட்டது.

இளநீரில் பொட்டாசியம் நிறைய இருக்கிறது. நோயும் குளிசையும் இல்லாத உடம்பு வேண்டாததைச் சிறுநீரில் தள்ளிவிடும், ஒரு குறையும் வராது. எனலாப்ரில் அந்தக் கதவைப் பாதி சாத்திவைக்கும் குளிசை. இதயத்துக்கு அது செய்யும் நன்மையோடு சேர்ந்து வருகிற குணம் அது. பூமணி அக்காவின் நீர்க்குளிசையும் அதே வகை, தண்ணீரை வெளியே விட்டுப் பொட்டாசியத்தை உள்ளே பிடித்துவைப்பது. பட்டினியில் சிறுநீரகமும் சோர்ந்து போயிருந்தது. உள்ளே வருவது வந்துகொண்டே இருக்க, வெளியே போக வழியில்லை. மிஞ்சியது முதலில் கால் தசைகளைச் சோரவைக்கும், பிறகு இதயத்தை. நோவு இல்லை, இருமல் இல்லை. நாடி மெல்ல மெல்ல நடந்து, ஓரிடத்தில் நின்றுவிடும். பார்ப்பவர்கள் விரதக் களை என்பார்கள்.

பூமணி அக்காவைக் கைத்தாங்கலாகத் தூக்கிக்கொண்டு ஈ.சி.ஜி. அறைக்குள் போனேன். வாசலில் நின்ற ஒருவர், “நாங்கள் விடியவே வந்து நிக்கிறம் மிஸ்ஸி” என்றார்.

“நில்லுங்கோ. உங்களுக்கு நிக்க ஏலுது தானே?”

அவருக்கு அது ஏச்சாகப் பட்டிருக்கும். ஏச்சுத்தான். கடதாசி வெளியே வந்தபோது அலைகள் எல்லாம் கூம்பி, கூடாரம் அடித்தமாதிரி வரிசையாக நின்றன. அதைக் கொண்டுபோய் வைத்தியரின் முன்னால் வைத்தேன். அவர் எழும்பிய வேகத்தில் கதிரை பின்னால் விழுந்தது. அதை எடுத்து வைக்க அவரும் நிற்கவில்லை, நானும் நிற்கவில்லை.

முதலில் இதயத்தைக் காப்பாற்ற ஒரு ஊசி. அதற்குப் பூமணி அக்கா கையை நீட்டினார். ஊசி சாப்பாடு இல்லை என்பது அவருடைய கணக்கு. ஆனால் அந்த ஊசி கொஞ்ச நேரத்துக்குத்தான் கைகொடுக்கும். அந்த நேரத்துக்குள் பொட்டாசியத்தை இறக்கவேண்டும், அதற்கு இன்சுலினும் குளுக்கோசும் சேர்ந்து ஏறவேண்டும். போத்தலைத் தூக்கிக் கட்டும்போது அவர் கண் அதில் விழுந்தது.

“உதுக்குள்ளை என்ன மிஸ்ஸி?”

இளநீர் வாங்கிக் கொடுக்கக் கேட்ட அதே பிள்ளை முந்திக்கொண்டு, “வெறும் தண்ணி அம்மா, பயப்பிடாதேங்கோ” என்றாள்.

“இல்லை அக்கா,” என்றேன் நான். “இது குளுக்கோஸ். சீனித்தண்ணி.”

வைத்தியர் என்னைப் பார்த்த பார்வையில் நான் அங்கேயே எரிந்திருக்கவேண்டும். அவருடைய கோபத்தையும் நான் பிழை சொல்லவில்லை. ஒரு பொய்யில் முடியக்கூடிய வேலையை நான் சண்டையாக்கிவிட்டேன். ஏன் சொன்னீர்கள் என்று பிறகு பலர் கேட்டார்கள். யோசித்துச் சொன்னேன் என்றால் அதுதான் பொய். வாயில் வந்துவிட்டது. பிறகு யோசித்தபோது அது சரி என்றுதான் படுகிறது. எங்கள் வாக்கை நம்பித்தான் அவர் விரதத்திலும் குளிசை விழுங்கினார். மறைத்து ஏற்றிவிட்டு, அடுத்த நாள் மகனுடைய வழக்கும் தள்ளுபடியானால், எங்கள் கையால் இன்னொரு குளிசை வாங்கியிருப்பாரா? மாட்டார். வீட்டில் போய்ச் செத்திருப்பார்.

ஆனால் அந்த நேரம் அவர் கையை இழுத்துச் சேலைக்குள் வைத்துக்கொண்டார். “அப்ப வேண்டாம். சீனி ஏத்தினால் விரதம் முறிஞ்சிடும். நாளைக்குப் பிள்ளையின்ரை வழக்கு.”

“நாளைக்கு நீங்கள் இருக்கவேணும் அக்கா. உங்கடை இதயம் நிக்கப்பாக்குது.”

“நான் இல்லாட்டிப் பரவாயில்லை மிஸ்ஸி. அவன் அங்கை நிக்கவேணும்.”

வைத்தியர் சொல்லிப் பார்த்தார். நான் கெஞ்சிப் பார்த்தேன், ஏசியும் பார்த்தேன். ஊசி தந்த நேரம் கரைந்துகொண்டிருந்தது. கனகண்ணை கட்டிலின் காலடியில் வாய் நிறைய வெற்றிலையோடு நின்றார். திடீரென்று திரும்பி வெளியே போனார். இந்த நேரத்தில் துப்பப் போகிறாரே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. துப்பத்தான் போனார். துப்பி, வாய் கொப்பளித்து, கூரைப் பீலியால் கொட்டிய மழைத்தண்ணீரின் கீழே தலையைக் கொடுத்து முழுக்க நனைந்துகொண்டு உள்ளே வந்தார். சேட்டும் சாரமும் உடம்போடு ஒட்டியிருந்தன. மனைவியின் கைப்பைக்குள் இருந்த விபூதிச் சரையை எடுத்து அவிழ்த்து நெற்றியில் இழுத்தார்.

“மிச்ச விரதத்தை நான் பிடிக்கிறன்.”

“என்ன விசர்க்கதை கதைக்கிறியள்?”

“பாறணை வரைக்கும் இனி என்ரை வாயிலை ஒண்டும் படாது. நீ இதை ஏத்த விடு.”

“சாமி கும்பிடாத ஆள் நீங்கள். உங்கடை விரதத்தை முருகன் எடுப்பாரே?”

“எடுக்கிறதும் விடுறதும் அவரின்ரை பாடு. சுதன் உனக்கு மட்டுமே பிள்ளை? எனக்கும் பாதி இருக்கு. என்ரை பாதியைத்தான் கேக்கிறன்.”

பூமணி அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தார். தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“ஒளிச்சு வெத்திலை போடமாட்டியள்?”

“மாட்டன்.”

“தேத்தண்ணி?”

“மாட்டன் எண்டுறன்.”

சேலைக்குள்ளிருந்து கை வெளியே வந்தது. “ஏத்துங்கோ மிஸ்ஸி.”

எனக்கு அழுகை வந்தது. அழ நேரமில்லாதபடியால் போத்தலைக் கட்டினேன்.

பின்னேரம் நான் வார்டுக்குப் போனபோது, போர்வைக்கு வெளியே கால்விரல்களை அசைத்துக்கொண்டு, “என்ரை மற்றச் செருப்பு எங்கை?” என்று கேட்டார். இரத்தப் பரிசோதனை முடிவை நான் அதற்குப் பிறகுதான் பார்த்தேன். வெளியே வாங்கிலில் கனகண்ணை ஈரம் காய்ந்த சேட்டோடு இருந்தார். என்னைக் கண்டதும் எழும்பினார். என்ன நடந்தது என்று வைத்தியர் அவருக்குச் சொல்லியிருந்தார்.

“அப்ப நான்தான் குடுத்துக் குடுத்து அவளைக் கொல்லப் பாத்தனா மிஸ்ஸி?”

இந்தக் கேள்வி உங்களிடமும் வரும், பிள்ளைகள். அதற்கு உங்கள் வாயிலிருந்து வருகிற பதிலோடு அந்த மனிதர் மிச்சக் காலம் முழுக்க வாழவேண்டும். நான் அவருக்குப் பக்கத்தில் இருந்தேன். “இளநி நஞ்சில்லை அண்ணை. நீங்கள் அன்பிலை குடுத்தது. அக்காவின்ரை இதயத்துக்கு அது ஒத்துவராது, அவ்வளவுதான். இனிக் குடுக்காதேங்கோ” என்றேன். அவர் தலையாட்டினார். ஆறுதல்பட்டமாதிரித்தான் தெரிந்தது. நானும் நல்ல பதில் சொன்னேன் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

அடுத்த கிளினிக்குக்கு இருவரும் சண்டை பிடித்துக்கொண்டே வந்தார்கள். குளிசைகள் மாற்றப்பட்டு, பூமணி அக்காவின் நாடி ஒழுங்காகியிருந்தது. வாய் முன்னையும் விட உசாராக இருந்தது.

“சுதன்ரை வழக்கு என்னாச்சு அக்கா?”

“பின்தவணை போட்டிட்டாங்கள் மிஸ்ஸி. முடிவு சொல்லேல்லை. நான் விரதத்தை முறிச்சதாலைதான்.”

“விசர் கதையாதை,” என்றார் கனகண்ணை. “நான் பிடிச்சபடியால்தான் தள்ளுபடி ஆகேல்லை.”

வாங்கில் முழுவதும் சிரித்தது. பூமணி அக்கா சிரிக்கவில்லை. கனகண்ணையும் சிரிக்கவில்லை என்பதை நான் அப்போது கவனிக்கவில்லை.

சஷ்டி தொடங்குமுன் விரதம் பிடிக்கிற நோயாளர்களை எல்லாம் நிறுத்திக் கேளுங்கள். குளிசை குடிக்கிறீர்களா என்று மட்டும் கேட்டால் ஓம் என்ற ஒரு சொல்தான் வரும். சோறு இல்லையென்றால் என்ன குடிப்பீர்கள், எத்தனை, யார் வெட்டித் தருவது என்று கேளுங்கள். விரதம் பிடிக்கலாமா, எந்தக் குளிசையை எப்படி எடுப்பது என்று வைத்தியர் தீர்மானிக்கட்டும், ஆனால் கேட்கப்படாததை அவர் எப்படித் தீர்மானிப்பார்? விரதத்தைப் பழிக்காதீர்கள். பழித்தால் அடுத்த முறை உங்களுக்கு ஒளித்துப் பிடிப்பார்கள். காரணம் தெரியாத அந்தரம் ஒன்று உங்களுக்கு வந்தால் வெட்கப்படாமல் திரும்பிப் போய் இன்னொரு தரம் நாடியைப் பிடியுங்கள்.

இதோடு முடித்திருக்கலாம். அந்த இளநீர்க்காரர் மிச்சமிருக்கிறார்.

போன சஷ்டி. நான் ஓய்வு பெற்றுவிட்டேன். நல்லூரில் கோயிலடியில் கூட்டத்துக்குள் நடந்து வருகிறேன், ஸ்கூட்டர் ஒன்றில் சாய்ந்தபடி கனகண்ணை நிற்கிறார். மெலிந்திருந்தார், நெற்றியில் விபூதி, வாயில் வெற்றிலை இல்லை. கையில் குழல் போட்ட இளநீர்.

“அக்கா எங்கை அண்ணை?”

“உள்ளை. டொக்டர் சொன்னபடி ஒருநேரம் சாப்பிட்டுக் குளிசையும் போட்டிட்டுத்தான் வந்தவ. முழு விரதம் நான்தான் பிடிக்கிறன். அந்த வருசத்திலை இருந்து விடேல்லை.”

“நீங்களோ? சாமியோடை ராசியோ இப்ப?”

“அது தெரியாது மிஸ்ஸி. வழக்கு இன்னும் இழுபடுது. நான் விடப்போய் அவங்கள் தள்ளுபடி ஆக்கினால்?” என்றவர் குழலில் ஒரு இழுவை இழுத்தார். “சோத்தை விடுறது பெரிய காரியமில்லை. இளநியிலை நாள் ஓடிடும். என்ன, போன மாசம் எனக்கும் பிரஷர் எண்டு ஒரு குளிசை தந்தவை. அதையும் ஒழுங்காப் போடுறன். விரதத்திலை குளிசையை விடக்கூடாது எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்.”

“என்ன குளிசை?”

சேட்டுப் பையிலிருந்து எடுத்து நீட்டினார். எனலாப்ரில், அதே குளிசை.

“இளநி அவவுக்குத்தானே கூடாது,” என்றார் என் முகத்தைப் பார்த்துவிட்டு. “அவவுக்கு இதயம். எனக்குப் பிரஷர் மட்டும்தானே மிஸ்ஸி.”

அந்த வாங்கிலில் இருந்து நான் அவருக்குச் சொன்னது மனைவியின் இதயத்தைப் பற்றி. குளிசையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவர் நான் சொன்னதைச் சொன்னபடி நினைவில் வைத்திருந்தார். கையிலிருந்த இளநீரைப் பறித்தேன். அது விழுந்து உருண்டது. இளநீர்க்காரர் கத்தியோடு நிமிர்ந்தார், சனம் திரும்பிப் பார்த்தது. நான் கனகண்ணையின் மணிக்கட்டைப் பிடித்தபடி, “ஒரு நாளைக்கு எத்தினை குடிக்கிறியள்? கால் விறைக்குதோ? செருப்பு கிடக்குதோ காலிலை?” என்று கத்திக்கொண்டிருந்தேன். நாடி நடக்கவில்லை, ஓடியது. அது எனக்குப் பயந்து ஓடியதாகவும் இருக்கலாம்.

பூமணி அக்கா அருச்சனைத் தட்டோடு வெளியே வந்தார். விளக்கத் தேவையிருக்கவில்லை. தரையில் கிடந்த இளநீரையும் என் கையிலிருந்த குளிசை மட்டையையும் பார்த்தார்.

“உங்களுக்கும் இதே குளிசையே தந்தவை? ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

“நீ பயந்திடுவாய் எண்டு.”

“பயம் உங்கடை, பழி என்ரை தலையிலையோ?” என்று சொல்லிவிட்டு விபூதியை எடுத்துத் தன் நெற்றியில் இழுத்தார். “சரி. மிச்ச விரதத்தை நான் பிடிக்கிறன்.”

“நீ வாயை மூடு. நான்தான் பிடிக்கிறது.”

“ரெண்டு பேரும் முதல் ஓட்டோவிலை ஏறுங்கோ,” என்றேன். “ஆர் பிடிக்கிறதெண்டு ஆஸ்பத்திரியிலை வைச்சுச் சண்டை பிடிக்கலாம்.”

ஏறினார்கள். சண்டை வழி முழுக்க ஓயவில்லை. இருவருக்கும் நடுவில் நான் இருந்தேன், ஒவ்வொரு பக்கமும் ஒவ்வொருவருடைய மணிக்கட்டைப் பிடித்தபடி. ஆஸ்பத்திரி வாசல் வரும்வரை இரண்டையும் விடவில்லை.